உறையாத எண்ணெய்: கோவையின் இரவு வெப்பம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

சிறுவயதில் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்து இளக்காமல் தலைக்கு எண்ணெய் தேய்த்ததாக எனக்கு நினைவில்லை. காரமடைப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்ட வீட்டில், அந்தப் பாட்டில் கார்த்திகை பிறந்ததும் வெள்ளையாகிவிடும். அம்மா அதைத் திண்ணை ஓரம் வெயிலில் சாய்த்து வைப்பார். பொறுமை இல்லாதவர்கள் ஈர்க்குச்சியை உள்ளே விட்டுச் சுரண்டி எடுப்போம். இப்போது நான் குடியிருப்பது பீளமேட்டில், மூன்றாம் மாடியில், கான்கிரீட் தளத்துக்கு நேர்கீழே. இங்கே மார்கழியிலும் பாதி நாட்கள் எண்ணெய் தண்ணீர் போலவே நிற்கிறது. அதே மாதம் தோட்டத்துக்குப் போனால் அங்கே உறைந்திருக்கிறது.

தேங்காய் எண்ணெய் உறைவது ஏறக்குறைய 24 டிகிரியில். ஆக, கொங்கு நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரு வெப்பமானி இருக்கிறது. அது காட்டுவது இரவின் கணக்கை. இதை வைத்துக் காலநிலை மாற்றத்தை நிரூபித்துவிட முடியாது. என் வீட்டு எண்ணெய் உறையாததற்குப் பூமி சூடேறுவது ஒரு காரணம் என்றால், நகரம் சூடேறுவது இன்னொன்று, என் தலைக்கு மேலிருக்கும் தளம் மூன்றாவது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வின் வேலை. நான் வானிலை படித்தவன் அல்லன். இருபத்தாறு ஆண்டுகளாகக் கோவையில் வீடு கட்டிக் கொடுக்கும் சிவில் என்ஜினியர். மூன்றாவது காரணத்தில் என் கையும் உண்டு.

ஊரின் வாகு

கோவை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே மலை, அந்த மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்ற இடைவெளி. ஜூன் தொடங்கியதும் தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாக நுழைந்து ஊரை விசிறிவிடும். ஏப்ரலில் 36 டிகிரியை ஒட்டி நிற்கும் சராசரிப் பகல் உச்சம் ஜூனில் 32-க்கு இறங்கிவிடுகிறது. ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் கோடையில் 40-ஐத் தாண்டுவது ஒரு செய்தியே அல்ல. கோவையில் அது அபூர்வம். அதனால்தான் ‘கோவைக்கு என்ன, ஏசி போட்ட ஊர்’ என்ற பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஈரோட்டு உறவினரிடம் கோவையில் வெயில் தாங்கவில்லை என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்.

அந்தப் பெருமைதான் ஊரை ஏமாற்றுகிறது என்பது என் வாதம். பகல் உச்சத்தைப் பார்த்துத் தெம்படைந்துவிட்டு இரவைக் கணக்கில் விட்டுவிட்டோம்.

வரப்போகும் எண்கள்

இந்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீடு, 1901 முதல் 2018 வரை நாட்டின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி உயர்ந்திருப்பதாகச் சொல்கிறது. கரியமில வாயு வெளியீடு கட்டுப்பாடில்லாமல் போனால் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள், 1976–2005 சராசரியைவிட 4.4 டிகிரி கூடும். நடுத்தரப் பாதையில் போனால் 2.4. இதே அறிக்கையில் அதிகம் பேசப்படாத ஒரு கணக்கும் இருக்கிறது. மோசமான பாதையில் வெப்பமான பகல்களின் எண்ணிக்கை 55 சதவீதம் கூடும்போது வெப்பமான இரவுகள் 70 சதவீதம் கூடும் என்கிறது அது. பகலைவிட இரவு வேகமாக ஓடுகிறது.

தமிழ்நாட்டுக்கான கணிப்பிலும் இதே சாயல்தான். காலநிலை மாற்றத்துக்கான மாநிலச் செயல்திட்டத்தில், 1970–2000 சராசரியை அடிப்படையாக வைத்து, பகல் உச்சம் 2040 வரையிலான காலத்தில் 1.0, 2070 வரை 2.2, 2100 வரை 3.1 டிகிரி உயரும் என்று கணித்திருக்கிறார்கள். இரவின் குறைந்தபட்சத்துக்கு அதே காலங்களில் 1.1, 2.4, 3.5. வித்தியாசம் சிறிதுதான், ஆனால் மூன்று காலத்திலும் இரவே முந்துகிறது.

இதைக் கோவைக்குப் போட்டுப் பார்ப்போம். ஏப்ரலின் சராசரி உச்சம் 36 என்று வைத்துக்கொண்டால் 2070-ஐ ஒட்டி அது 38.2. பாரன்ஹீட்டில் 100-ஐத் தாண்டுகிறது. இன்று ‘கோவையில் வெயில் சதமடித்தது’ என்று நாளிதழ்கள் போடும் செய்தி, அன்று சாதாரண ஏப்ரல் நாளின் வானிலை. செய்தியாகப் போட அதில் ஒன்றும் இருக்காது. ஏப்ரல் இரவு 24-இலிருந்து 26.4-க்கு ஏறும். மார்ச் மாத விடியற்காலை 22-இலிருந்து 24.4, அதாவது எண்ணெய் உறையும் கோட்டுக்கு மேலே. ஜனவரி 19-இலிருந்து 21.4, ஆகவே தோட்டத்துச் சாளையில் அன்றைக்கும் மார்கழியில் எண்ணெய் உறையும். உறையும் மாதங்கள்தாம் இரு பக்கமும் தேயும்.

இந்த எண்களுக்கு ஒரு வரம்பு உண்டு. இப்படிக் கணிக்கும் வட்டாரக் கணினி மாதிரிகள் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் எண் தருகின்றன. ஒரு கட்டம் என்பது பொதுவாக 25 கிலோமீட்டர் நீளம், 25 கிலோமீட்டர் அகலம். அதாவது 625 சதுர கிலோமீட்டர். கோவை மாநகராட்சியின் பரப்பு, 2011 விரிவாக்கத்துக்குப் பிறகும் 257 சதுர கிலோமீட்டர்தான். காந்திபுரமும், உக்கடமும், பேரூர்த் தென்னந்தோப்பும் அந்தக் கட்டத்துக்குள் ஒரே புள்ளியாகிவிடுகின்றன. எனவே அந்த 2.4 டிகிரி வட்டாரத்துக்கு வருவது. நகரம் தன் பங்குக்குச் சேர்ப்பது அதற்கு மேல்.

நகரத்தின் பங்கை அறியக் கருவி வேண்டாம். ஏப்ரல் மாதம் இரவு ஒன்பது மணிக்குக் காந்திபுரத்திலிருந்து வடவள்ளிக்கு இருசக்கர வண்டியில் போய்ப் பாருங்கள். வடகோவை வரை முகத்தில் அடுப்படிக் காற்று. லாலி ரோடு தாண்டி வேளாண் பல்கலைக்கழகத்தின் வயல்களை ஒட்டிய சாலையில் இறங்கியதும், யாரோ கதவைத் திறந்துவிட்டது போல மார்பில் குளிர் தட்டும். சேற்று வாசனையும் கூடவே வரும். ஒரு நிமிடம்தான், வடவள்ளிக் கடைவீதி வந்ததும் மறுபடி அதே அடுப்படி. அந்த ஒரு நிமிடத்துக்கும் மீதிச் சாலைக்கும் உள்ள வேறுபாடுதான் நகர வெப்பத் தீவு என்று புத்தகங்கள் சொல்வது. ஈர மண்ணும் பயிரும் பகல் வெயிலை நீராவியாக்கிச் செலவழித்துவிடுகின்றன. தாரும் கான்கிரீட்டும் அதை உண்டியலில் போட்டு வைத்து இரவில் எடுத்துக் கொடுக்கின்றன.

வெப்ப அலையே வராத ஊர்

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் வரையறைப்படி, சமவெளியில் வெப்ப அலை என்று சொல்ல முதலில் உச்சம் 40 டிகிரியைத் தொட வேண்டும். அதோடு வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். அதுவும் ஒரு வானிலை உட்பிரிவில் (வானிலைக் கணக்குக்காக நாட்டைப் பிரித்திருக்கும் ஒரு பகுதியில்) குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாட்கள். கோவையின் ஏப்ரலுக்கு இது 40.5 டிகிரி. இரவு எப்படிப் போனது என்று இந்த வரையறை கேட்பதில்லை.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல முடிவுதான். ஆனால் 39 டிகிரிப் பகல்களும் 27 டிகிரி இரவுகளும் மூன்று வாரம் தொடர்ந்தாலும் ஏட்டளவில் கோவையில் ஒன்றும் நடக்கவில்லை என்றே பதிவாகும்.

அகமதாபாத் இந்தியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை 2013-இல் கொண்டுவந்தது. 2010 மே மாதம் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததை ஆராய்ந்து, எந்த வெப்பநிலையில் தங்கள் ஊரில் சாவு கூடுகிறது என்று கண்டுபிடித்து எச்சரிக்கை அளவுகளை வகுத்தார்கள். மஞ்சள் எச்சரிக்கையே 41-க்கு மேல்தான் தொடங்குகிறது. அந்த அளவை அப்படியே கோவைக்குக் கொண்டுவந்தால் எச்சரிக்கை மணி துருப்பிடித்துப் போகும். எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த எண்ணை அல்ல, அதை அவர்கள் கண்டுபிடித்த முறையை.

இரண்டு கூரைகள்

சிங்காநல்லூரில் ஒரு லைன் வீடு. எட்டு அறைகள், ஒரே சுவர், ஒரே சிமெண்ட் அட்டைக் கூரை. மூன்றாவது அறையில் இருப்பவர் ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் பிரிவில் அறுந்த நூலை இணைக்கும் வேலை செய்கிறார். மூன்றாம் ஷிப்ட்: இரவு பன்னிரண்டிலிருந்து காலை எட்டு வரை. வீடு வந்து குளித்து, சோறு வடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படுக்க ஒன்பதரை ஆகிவிடும். ஊரே வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்கும் நேரம் அவருக்கு நள்ளிரவு.

பக்கத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு கட்டட வேலைக்காகப் போயிருந்த நான், தண்ணீர் கேட்டு அந்த அறைக்குள் நுழைந்தேன். ஏப்ரல், பகல் பதினொன்றே முக்கால். ஓர் ஆள் கை தூக்கினால் எட்டும் உயரத்தில் அட்டை. கையை அதற்கு ஓரடி கீழே நீட்டினேன். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க உள்ளங்கையைக் காட்டுவோமே, அந்தச் சூடு. மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் வாரிக் கீழே இறைத்துக்கொண்டிருந்தது. தரையில் ஈரத்துணி விரித்து அதன் மேல் பாய்.

“தூக்கம் வருகிறதா அக்கா?”

“எங்கேங்க வருகிறது? பதினொரு மணிக்கு மேல் புரண்டுகொண்டு கிடப்பதுதான். விசிறியை நிறுத்தினால் வேர்க்கிறது, போட்டால் எரிகிறது.”

சிமெண்ட் அட்டை ஆறு மில்லிமீட்டர் கனம். வெயில் பட்டதும் சூடாகும், வெயில் இறங்கியதும் ஆறிவிடும். இரவு பத்து மணிக்கு அந்த அறை என் மூன்றாம் மாடி வீட்டைவிடத் தேவலை என்று அவரே சொன்னால் நான் மறுக்க மாட்டேன். கான்கிரீட்டின் குணம் நேர்மாறு. ஐந்து அங்குலத் தளம் மதியம் வாங்கிய வெயிலை உடனே காட்டாது. சில மணி நேரம் உள்ளே வைத்திருந்து, நாம் சாப்பிட்டுப் படுக்கப் போகும் நேரத்தில் கூரையிலிருந்து இறக்கும். மாலையில் மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றினால் ‘சுர்’ரென்று சத்தம் வருவது இதனால்தான்.

ஒரே ஊர், இரண்டு கூரைகள். அட்டைக் கூரை பகலில் தூங்குபவரைத் தாக்குகிறது. கான்கிரீட் கூரை இரவில் தூங்குபவரை. மூன்று ஷிப்ட் ஓடும் மில் ஊரில் ‘இரவு வெப்பம்’ என்பதைக் கடிகாரத்தை வைத்து அளக்கக் கூடாது. தூங்கும் நேரத்தை வைத்து அளக்க வேண்டும். உடம்பு தன் சூட்டை இறக்கிக்கொள்ளக் கிடைக்கும் வேளை தூக்கம்தான். அது கெட்டால் மறுநாள் வெயிலை நேற்றைய சூட்டோடு சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கிறது.

ஒரு வாக்குமூலம். முன்பெல்லாம் தளம் போட்டால் அதோடு விட மாட்டோம். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலத்துக்கு இடித்து, அதன் மேல் தட்டோடு பதிப்போம். மழைக்கு என்று சொல்லிச் செய்தாலும், வெயிலைப் பாதி வழியில் நிறுத்துவதும் அதுதான். எஸ்டிமேட் போடும்போது வீட்டுக்காரர் ‘எங்கே குறைக்கலாம்?’ என்று கேட்டால் முதலில் அடிபடுவது அது. அடித்தவன் நானேதான், பல வீடுகளில். அந்தப் பணம் பெரும்பாலும் முன்பக்க அலங்காரத்துக்குப் போனது.

குடியிருப்புக் கட்டடங்களுக்காக மத்திய அரசு 2018-இல் கொண்டுவந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு, கூரை வழியாக வெப்பம் கடக்கும் அளவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது: ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, 1.2 வாட். மேலே எதுவும் போடாத வெறும் ஐந்து அங்குலத் தளத்துக்குக் கணக்குப் போட்டால் 4-ஐ ஒட்டி வருகிறது. மூன்று மடங்குக்கு மேல். இன்று நான் ஒப்படைக்கும் வீட்டின் கடன் முடிய 20 ஆண்டு, அதாவது 2045 ஆகிவிடும். தளம் அதற்கப்பாலும் முப்பது நாற்பது ஆண்டு நிற்கும். ஆக, 2070-இன் கோடைக்கான கூரையை நான் போட்டு முடித்துவிட்டேன்.

ஏசி வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். ஒன்றரை டன் ஏசி அறையிலிருந்து எடுப்பது ஏறக்குறைய 5.3 கிலோவாட் வெப்பம். ஓடுவதற்கு இழுக்கும் மின்சாரம் ஒன்றரை கிலோவாட் என்றால், இரண்டும் சேர்ந்து 6.8 கிலோவாட் வெளியே போகிறது. சந்து குறுகலாக இருந்தால் அது எதிர்வீட்டு ஜன்னலுக்குத்தான்.

மில்லுக்குள்

நூல் அறுந்துகொண்டே இருக்கக் கூடாது என்றால் பஞ்சுக்கு ஈரப்பதம் வேண்டும். ஸ்பின்னிங் பிரிவில் 55 முதல் 60 சதவீதம் வரை வைத்திருப்பார்கள். அதற்கென்றே ஹியுமிடிஃபிகேஷன் பிளாண்ட். வெளிக்காற்றைத் தண்ணீர்ச் சாரலுக்குள் விட்டு நனைத்து உள்ளே அனுப்பும். அது குளிர்விப்பதும் உண்மை. ஆனால் வெளிக்காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்கு, கீழே அதனால் போக முடியாது. வெளியே அந்த அளவு ஏறினால் உள்ளேயும் ஏறும். இயந்திரங்கள் குடிக்கும் மின்சாரம் முழுக்க வெப்பமாகவே மாறுவது தனிக்கணக்கு.

36 டிகிரி, 40 சதவீத ஈரப்பதம் என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 25. அதே 36 டிகிரியில் 60 சதவீதம் என்றால் 29-ஐத் தாண்டும். வெப்பமானி இரண்டு இடத்திலும் 36 என்றே காட்டும். முதல் இடத்தில் வேர்வை காயும். இரண்டாவதில் வழிந்துகொண்டே இருக்கும். 35 டிகிரி ஈரக்குமிழ் என்பது மனித உடல் தாங்கும் ஏட்டு எல்லை. உழைக்கும் உடம்பு அதற்கு வெகு முன்னரே தளர்ந்துவிடும். லைன் வீட்டு அக்காவுக்கு மில்லில் எட்டு மணி நேரம் ஈரச் சூடு, வீட்டில் எட்டு மணி நேரம் வறண்ட சூடு. வானிலை நிலையத்தின் வெப்பமானியோ புல்தரையில், நிழலில், வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது.

கொசுவும் ஜன்னலும்

கொங்கு நாட்டுத் தொட்டிக்கட்டு வீட்டில் நடுவில் வானம் தெரியும். இரவில் சூடு அதன் வழியாக ஏறிப் போய்விடும். அந்த வீடுகளை இன்று எல்லோருக்கும் கட்ட இடமில்லை என்பது தெரியும், ஏக்கப்பட்டுப் பயனில்லை. ஆனால் இரவில் ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதிச் சூடு வெளியேறும். கோவையின் இரவுக் காற்று இன்னும் அதற்குப் போதுமானது.

ஏன் திறப்பதில்லை என்று வீட்டுக்கு வீடு கேட்டுப் பார்த்தேன். திருட்டுப் பயம் என்று சொன்னவர்கள் சிலர். கொசு என்றவர்களே அதிகம். கொசு எங்கிருந்து? நொய்யலை நம்பி வெட்டிய குளங்களில் சாக்கடை சேர்ந்து, ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும் ஓரங்களிலிருந்து. இரவில் ஊரைக் குளிர்விக்க வேண்டிய குளமே ஜன்னலை மூட வைக்கிறது. குளக்கரையில் நடைபாதையும் விளக்கும் போட்டது நல்லது. நானும் காலையில் நடக்கிறேன். ஆனால் வெப்பத்தைக் குறைக்க ஒரே ஒரு வேலைக்கு மாநகராட்சி பணம் ஒதுக்குவதாக இருந்தால், சாக்கடை நீர் குளத்துக்குள் வராமல் தடுப்பதற்கு ஒதுக்குங்கள் என்றே சொல்வேன். கொசுவலை அடித்த ஜன்னல் அதற்கு அடுத்தது. மரம் நடுவது எல்லோரும் சொல்வது. வேண்டும்தான், நிழல் தர பத்து ஆண்டு ஆகும்.

எட்டு அறைகளில் செய்தது

அந்த லைன் வீட்டுக் கூரைக்கு வெள்ளை அடித்தோம். கிளிஞ்சல் சுண்ணாம்பு நீற்றி, வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்றி, இரண்டு பூச்சு. பழைய அட்டையைக் காய்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது, அதன் தூள் நுரையீரலுக்கு ஆகாது. நனைத்துவிட்டுத்தான் தென்னை விளக்குமாற்றால் கழுவினோம். அட்டை மேல் நடப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஆணி வரிசைக்கு அடியில் சட்டம் போகும். அந்தக் கோட்டின் மேல் பலகை போட்டு அதில்தான் கால் வைக்க வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியும் எங்கள் பெயிண்டர் தம்பி ஓரிடத்தில் கால் வைத்து ஆறாவது அறை அட்டையில் விரிசல் விட்டுவிட்டார். அதை மாற்றிய செலவு சுண்ணாம்புச் செலவைவிட அதிகம்.

பத்து நாள் கழித்து அதே பகல் பதினொன்றே முக்காலுக்குப் போனேன். அட்டைக்குக் கீழே கை நீட்டினேன். சூடு இருந்தது, தோசைக்கல் இல்லை. அக்கா தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பவில்லை. பிறகொரு நாள் கேட்டபோது, “ஒரு மணி வரை தூங்க முடிகிறதுங்க” என்றார். இரண்டு மணி நேரக் கூடுதல் தூக்கம். எந்த அறிக்கையிலும் ஏறாத அளவு அது.

வீட்டுக்கார அம்மாவும் வந்து பார்த்தார். அறைக்குள் நின்று மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, “நன்றாகத்தான் இருக்கிறது. ரூமுக்கு இருநூறு ரூபாய் ஏற்றிக் கேட்கலாம் போலிருக்கிறதே” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் சுண்ணாம்பு பாதி கரைந்துவிட்டது. மாசி முடிவதற்குள் மறுபடி அடித்தாக வேண்டும். இந்த முறை சுண்ணாம்புக்கு யார் பணம் போடுவது என்று எட்டு வீட்டாருக்கும் அந்த அம்மாவுக்கும் இடையே பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.